எட்டுப் போத்தல் பிடிக்கும் என்ஜின்

லாக் ஒ லூத்ர்
9 நவம்பர் 2004

இஞ்சேருங்கோ,

நான் சுகம். நீங்களும் ரக்ஷனாவும் சுகமோ? பிள்ளையைத் தொப்பி போட்டுத்தான் பிள்ளை பாக்கிற கார்டெரிக்கு விடுறியளோ எண்டு உங்களிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. யோகராணி மச்சாளிட்டக் கேட்டு எழுதுங்கோ.

வந்து ஒரு மாசமாகுது. இஞ்ச ஒரு ஏரி, சுத்திவரக் காடு, ஹென்றியின்ர பிளேன் நிக்கிற கொட்டகை, அவற்ற வீடு, எனக்குத் தந்த சின்னக் கொட்டில். வேற ஒண்டும் இல்லை. ஹென்றி தான் முதலாளி, ஹென்றி தான் பைலட். காட்டுக்குள்ள இருக்கிற ஊர்களுக்குச் சாமானும் தபாலும் கொண்டு போறவர். எனக்கு வாற கடிதமும் அவற்ற பிளேனில கிழமைக்கு ஒருக்காத்தான் வரும்.

பிளேன் நாலு பேர் இருக்கிற சின்னன். நல்ல என்ஜின், ஆனா எண்ணெய் ஒழுகிது. பறந்து வந்து இறங்கேக்க வயிறு முழுக்கக் கறுப்பு. எனக்கு முந்தி இருந்த மெக்கானிக் என்ஜின் மூடியளை இறுக்கி இறுக்கி வளைச்சு வைச்சிருந்தார். அதுகளை மாத்திப் புது ரப்பர் போட்டன். அதோட நிக்கும் எண்டு நினைச்சன், நிக்கேல்லை.

லைசென்ஸ் எடுத்த பிறகு நான் தனியக் கையெழுத்து வைக்கிற முதல் பிளேன் இது எண்டு உங்களுக்குத் தெரியும். ஜனவரி முடியமுதல் ஒழுக்கைப் பிடிக்காட்டி வால்-டோரில இருந்து வேற ஆளைக் கூப்பிடுவன் எண்டு ஹென்றி சொல்லிப்போட்டார். அப்பிடி நடந்தால் இந்த வட்டாரத்தில ஒருத்தரும் பேந்து என்னைக் கூப்பிட மாட்டினம்.

ஒரு உதவி. மூண்டு டின் பவுடர் அனுப்புங்கோ. முகத்துக்குப் பூசிற சாதாரண வெள்ளைப் பவுடர், எங்கட தமிழ்க் கடையில இருக்கும். கெதியா வேணும். இப்ப பிளேன் வெளிக்கிடப் போகுது, ஹென்றி எண்ணெய்ப் போத்தலும் கையுமா வாசல்ல நிண்டு கூப்பிடுறார். பேந்து விபரமா எழுதிறன்.

அஜந்தா


மொன்ட்ரியால்-நோர்
16 நவம்பர் 2004

திருமதி அஜந்தா யோகேந்திரன் அவர்கட்கு,

கடிதம் கிடைச்சது. மூண்டு டின் பவுடர்!

எங்கட கலியாணத்தண்டு உமக்குப் பவுடர் பூச உம்மட மாமிமார் ரெண்டு பேர் பிடிச்சு வைச்சிருக்க வேண்டி வந்தது. என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்குக் கையில கிறீஸோட வந்து இறங்கின மனுசி நீர். அப்பிடிப்பட்ட ஆளுக்குக் காட்டுக்குள்ள, ஏரிக்கரையில, ஒரு ஆம்பிளையும் நாலு கரடியும் இருக்கிற இடத்தில பவுடர் தேவைப்படுதோ? அதுவும் மூண்டு டின். கரடியளுக்கும் பூசப் போறீரோ?

போன ஞாயிறு போன் எடுத்தன். ஒரு ஆம்பிளைக் குரல் பொன்ஜூர் எண்டுது. அஜந்தாவோட கதைக்கவேணும் எண்டன். அவ என்ஜினுக்குக் கீழ படுத்திருக்கிறா எண்டு சொல்லிப்போட்டுச் சிரிக்கிறான். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? ஒரு மனுசன் தன்ர மனுசியைத் தேடிப் போன் எடுத்தால் அது பகிடியோ?

இப்ப உம்மட கடிதத்தைப் பாத்தால், உம்மட கொட்டில் வாசல்ல வந்து நிண்டு கூப்பிடுறானாம். இன்னொண்டு, நான் எழுதிற கடிதத்தை உம்மட கையில கொண்டுவந்து தாறவனும் அவன் தானாம். நல்ல தபால்காரன். இந்தக் கடித உறையை நாலு பக்கமும் பெட்டி ஒட்டிற டேப்பால ஒட்டியிருக்கிறன். டேப் கிழிஞ்சிருந்தால் உடன எழுதும்.

போகவேண்டாம் எண்டு நான் சொல்லச் சொல்லப் போனனீர். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறேல்லை. பிள்ளை தொப்பி போடுறாள். நான் தான் போட்டு விடுறன், யோகராணி அக்கா இல்லை.

யோகேந்திரன்


லாக் ஒ லூத்ர்
23 நவம்பர் 2004

இஞ்சேருங்கோ,

உங்களுக்கு உண்மையிலயே விசர்.

பவுடர் என்ர முகத்துக்கு இல்லை, என்ஜினுக்கு. எண்ணெய் தெரியிற இடத்தில ஒழுக்கு இராது. முன்னுக்குச் சுத்திற விசிறி அடிக்கிற காத்து, எங்கயோ ஒரு மூலையில கசியிற சொட்டைப் பின்னுக்குத் தள்ளி எல்லா இடமும் பூசிப்போடும். அதால முதல்ல முழு என்ஜினையும் கழுவி, காயவிட்டு, மேல மெல்லிசா வெள்ளைப் பவுடர் தூவவேணும். பிறகு நிலத்தில நிக்க வைச்சே கொஞ்ச நேரம் ஓட்டி நிப்பாட்டினால் எந்த இடத்தில எண்ணெய் முதல் வெளிக்கிடுதோ அங்க வெள்ளையில கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டின்ர தலைமாட்டில தான் ஒழுக்கு. விளங்கிச்சோ?

போன் ஹென்றியின்ர அடுப்படியில இருக்கு. நான் ஆசைப்பட்டு அங்க போறேல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுப்பியள் எண்டு தான் போறன். ஒரு பக்கம் கோப்பிக் கேத்தில் கொதிக்குது, மற்றப் பக்கம் குளிரில இறுகாமல் இருக்க எண்டு அடுப்போட சாத்தி வைச்ச ரெண்டு எண்ணெய்ப் போத்தல், அதுகளுக்கு நடுவில நிண்டு உங்கட பேச்சைக் கேக்கிறன். அண்டைக்கு அவர் சிரிச்சது நான் என்ஜினுக்குக் கீழ தலைமயிர் ஆப்பிட்டுக் கத்தினதைப் பாத்து.

டேப் கிழியேல்லை. உரிக்க எனக்கே ஸ்குறூ டிரைவர் தேவைப்பட்டது.

பவுடரை அனுப்புங்கோ. நாள் போகுது. இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் எண்டு உங்களுக்குத் தெரியாததோ?

அஜந்தா


மொன்ட்ரியால்-நோர்
30 நவம்பர் 2004

அன்புள்ள அஜந்தாவுக்கு,

பவுடர் அனுப்பியிருக்கிறன். ஒரு டின் தான். இது போதும். பாவிச்சுப்போட்டு எப்பிடி இருந்தது எண்டு மறக்காமல் எழுதும்.

நீர் சொன்ன விளக்கம் நல்லா விளங்கிச்சு. நான் ஒண்டும் படிக்காதவன் இல்லை. ஆனா ஒரு கேள்வி. ஹென்றியின்ர அடுப்புக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன எண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறீரே, எங்கட வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில என்ன இருக்கு எண்டு சொல்லும் பாப்பம். அவன்ர ரெண்டு எண்ணெய்ப் போத்தலைப் பற்றி எனக்கேன் எழுதிறீர்?

இஞ்ச ஸ்நோ கொட்டத் தொடங்கிட்டுது. காலமை பஸ் எடுத்து, மெத்ரோ எடுத்து, திரும்பவும் பஸ் எடுத்து டோர்வலுக்கு வேலைக்குப் போய்ச் சேர முதலே களைச்சுப் போறன். பின்னேரம் ரக்ஷனாவை அக்கா கீழ் வீட்டில வைச்சிருக்கிறா. அக்கா கேட்டா, அஜந்தா எப்ப வாறாள், வருவாள் தானே எண்டு. அந்த "தானே" எனக்குப் பிடிக்கேல்லை.

யோகேந்திரன்


லாக் ஒ லூத்ர்
9 டிசம்பர் 2004

இஞ்சேருங்கோ,

டின்னைத் திறந்தன். மேல் மூடி ஒருக்காக் கழட்டிப் பூட்டின மாதிரி இருந்தது, நான் கவனிக்கேல்லை. கை விறைக்குது, வெளிச்சம் போகுது, என்ஜின் கழுவிக் காஞ்சு ரெடியா நிக்குது. முன்பக்கம் முழுக்கத் தூவி முடிச்ச பிறகு தான் மணம் வந்தது. கோயில் மணம்.

திருநீறு!

பவுடரைக் கொட்டிப்போட்டு டின்னுக்குள்ள திருநீறு நிரப்பி அனுப்பியிருக்கிறியள். நான் அதை முகத்தில பூசிக்கொண்டு ஹென்றிக்கு முன்னால போய் நிக்கவேணும், நிண்டு ஆப்பிடவேணும். அது தானே உங்கட எண்ணம்? "எப்பிடி இருந்தது எண்டு மறக்காமல் எழுதும்." எழுதிறன், கேளுங்கோ.

பவுடர் பட்டு மாதிரி. திருநீறு அப்பிடி இல்லை, அதுக்குள்ள மணல் மாதிரி ஒரு பருக்கன் இருக்கு. முன்னுக்குத் தண்டு சுத்திற இடத்தில ஒரு ரப்பர் வளையம் இருக்கு, எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அது தான். அதுக்குள்ள இந்தப் பருக்கன் போயிருந்தால் அரம் போட்ட மாதிரி அராவியிருக்கும். நான் மணக்காமல் என்ஜினை ஓட்டியிருந்தால் நானே ஒரு புது ஒழுக்கை உண்டாக்கி, கீழ என்ர கையெழுத்தையும் போட்டு, அந்தாளை மேல அனுப்பியிருப்பன். என்னைப் பிடிக்க வைச்ச பொறியில ஒரு உயிர் போயிருக்கும். யோசிச்சியளோ?

திரும்ப முழுக்கக் கழுவினன். என்ர விரல் நுனியெல்லாம் வெடிச்சுப்போச்சு. ஹென்றி வந்து பாத்து இது என்ன வெள்ளை எண்டு கேட்டார். மனுசன் டின்னை மாறி அனுப்பிப்போட்டார் எண்டு பொய் சொன்னன். உங்களுக்காகப் பொய் சொன்னன். கடைசியில அவற்ற கால் பவுடரைத் தான் இரந்து வாங்கவேண்டி வந்தது. ஓம், ஹென்றியின்ர காலுக்குப் போடுற பவுடர். நல்லா எரியட்டும் உங்களுக்கு.

அஜந்தா


மொன்ட்ரியால்-நோர்
17 டிசம்பர் 2004

அஜந்தா,

செய்தது பிழை. உயிர் போற விசயம் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் செய்திருக்க மாட்டன், பிள்ளையாணை.

ஆனா ஏன் செய்தனான் எண்டதையும் கேளும். எனக்குப் பொறாமை. ஓம், இந்தா எழுதிப்போட்டன். கால் பவுடர் எண்டு வாசிச்ச உடன கையில இருந்த தேத்தண்ணியைக் கீழ வைச்சுப்போட்டன், குடிக்க முடியேல்லை.

ஹென்றி மட்டும் தான் காரணம் எண்டு நினைக்காதையும். பத்து வருசமா நான் டோர்வலில பிளேனுக்குச் சாப்பாடு ஏத்திறன். எனக்குப் பிளேன் எண்டால் பின்கதவு. லொறியை உயத்தி, தள்ளுவண்டிலை உள்ளுக்குத் தள்ளி, வெறும் வண்டிலை வெளிய இழுத்து, கதவைச் சாத்தினால் என்ர கதை முடிஞ்சுது. ஒரு பைலட் கூட என்ர முகத்தைப் பாத்ததில்லை. நீர் முன்னுக்கு நிண்டு என்ஜினைத் திறக்கிறீர். உம்மட கையெழுத்து இல்லாமல் அது நிலத்தை விட்டு எழும்பாது. நீர் சென்-ஹூபேரில பிளேன் திருத்தப் படிக்கேக்க பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவன் நான் தான், சந்தோசமாத் தான் திரிஞ்சன். ஆனா லைசென்ஸ் வந்த அண்டைக்கு நீர் அதைக் குசினி மேசையில வைச்சனீர், நான் வாசிச்சுப்போட்டு வெளிய போய் டெப்பனேர்க் கடை வாசல்ல நிண்டனான். பால் வாங்கப் போறன் எண்டு சொன்னனான். பால் வீட்டில இருந்தது.

அது ஒரு பக்கம். மற்றப் பக்கம் ஹென்றி. அவனும் இருக்கிறான் தானே.

கிறிஸ்மஸுக்கு லீவு தருவான் எண்டு சொன்னனீர். வாறீரோ இல்லையோ எண்டு ஒரு வரி எழுதும். பிள்ளைக்கு நான் என்ன சொல்லுறது?

யோகேந்திரன்


லாக் ஒ லூத்ர்
3 ஜனவரி 2005

இஞ்சேருங்கோ,

வராததுக்கு மன்னியுங்கோ. போனில முழுக்கச் சொல்ல முடியேல்லை, ஹென்றியை அடுப்புக்குப் பக்கத்தில படுக்க வைச்சிருந்தம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக முதல் ஒரு ஊருக்குச் சாமான் குடுத்துப்போட்டு வாறன் எண்டு போனவர். பாதி வழியில உள்ளுக்குப் புகை மணந்திருக்கு. வயித்தில வழிஞ்ச எண்ணெய் சூடான புகைக்குழாயில பட்டுப் புகைஞ்சிருக்கு. நெருப்பாக்கும் எண்டு பயந்து ஏதோ ஒரு ஏரியின்ர ஐஸில இறக்கிப்போட்டார். ஸ்நோவில ஓடுற ஸ்கிடூவில ஆக்கள் தேடிப் போகுமட்டும் குளிருக்குள்ள இருந்தவர். கால் விரல் ரெண்டு கறுத்துப் போச்சு. வெட்டத் தேவையில்லை எண்டு நர்ஸ் சொல்லுறா. பிளேனுக்குச் சேதம் இல்லை, திரும்பக் கொட்டகைக்கு வந்திட்டுது.

நான் கையெழுத்து வைச்ச பிளேன்.

கால் பவுடர் போட்டுச் செய்த சோதனையில ஒண்டும் தெரியேல்லை. நிலத்தில ஓட்டேக்க என்ஜின் வெள்ளை வெளேரெண்டு நிக்குது, ஒரு கோடு கூட இல்லை. பறந்து வந்தால் வயிறு முழுக்க எண்ணெய். சிலிண்டர் காத்துப் பிடிக்குதோ எண்டும் பாத்தன், நல்லாப் பிடிக்குது. இன்னொரு விசயம் தான் எனக்கு விசராக்கிது. எட்டுப் போத்தல் பிடிக்கிற என்ஜினுக்கு நான் ஆறு விட்டு வைக்கிறன், அது காணும். பறந்து வந்த பிறகு பின்னேரம் எண்ணெய் அளக்கிற கோலை இழுத்துப் பாத்தாலும் அந்த ஆறு அப்பிடியே நிக்குது. குறையிற எண்ணெயை நான் விடுறன் தானே எண்டு ஹென்றி சொல்லுவார். எவ்வளவு எண்டு கேட்டால் தேவையானது எண்டுவார். முழு என்ஜினையும் கழட்டவேணும் போல கிடக்கு. அதுக்கு வால்-டோர் ஆள் வாறார், இந்த மாசக் கடைசியில. அவர் வந்தால் என்ர கதை முடிஞ்சுது.

கிறிஸ்மஸண்டு போனில ரக்ஷனாவோட கதைக்கேக்க நடுவில அவள் "அம்மா, பால்" எண்டாள். எனக்கு இல்லை. அங்கால நிண்ட யோகராணி மச்சாளுக்கு. மச்சாளும் "இந்தா குஞ்சு" எண்டு குடுத்தா. நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பொறாமை உங்களுக்கு மட்டும் தான் வரும் எண்டு நினைக்காதையுங்கோ. எனக்கும் வயிறு எரியும்.

தோத்துப் போனன் போல இருக்கு.

அஜந்தா


மொன்ட்ரியால்-நோர்
12 ஜனவரி 2005

அன்புள்ள அஜந்தாவுக்கு,

ஹென்றி ஐஸில விழுந்த கதையை வாசிச்ச உடன எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. ஒரு செக்கன் தான். பிறகு அந்த விரலை நினைச்சன், என்னிலயே அருவருப்பா இருந்தது. உம்மட்ட மறைக்கக் கூடாது எண்டு எழுதிறன்.

அண்டிரவு நித்திரை வரேல்லை. உம்மட கடிதம் எல்லாத்தையும் எடுத்து முதல்ல இருந்து வாசிச்சன். எதுக்கெண்டு கேட்டால், உண்மையைச் சொல்லுறன், உவன் எங்கெங்க வாறான் எண்டு பாக்க. கண்ணுக்க எண்ணெய் விட்டுக்கொண்டு பாத்தன். ஹென்றி சொன்னார், ஹென்றி நிக்கிறார், ஹென்றியின்ர அடுப்பு, ஹென்றியின்ர கால். ஒவ்வொரு கடிதத்திலயும் நிறைஞ்சு போய்க் கிடக்கிறான். என்ர பேர் ஒரு கடிதத்திலயும் இல்லை. ஒரு இடத்தில கூட இல்லை அஜந்தா.

அது பேந்து கதைப்பம். நான் கண்ட வேற ஒண்டை முதல் சொல்லுறன். முதல் கடிதத்தில அவன் எண்ணெய்ப் போத்தலும் கையுமா நிக்கிறான். பிளேன் வெளிக்கிடப் போகுது எண்டு எழுதியிருக்கிறீர். வந்து இறங்கின பிறகு இல்லை, வெளிக்கிடமுதல். அடுத்ததில அடுப்போட சாத்தி ரெண்டு போத்தல். அண்டைக்கு எரிச்சலில அந்தப் போத்தலைப் பற்றி எனக்கேன் எழுதிறீர் எண்டு கேட்டனான், நீர் மறுமொழி சொல்லேல்லை. இப்ப எரிச்சல் இல்லாமல் கேக்கிறன். சூடாக்கிற அந்த ரெண்டு போத்தலும் காலமை எங்க போகுது?

நீர் ஆறு விட்டுட்டுப் போறீர். அவன் ரெண்டு விட்டால் எட்டு. பின்னேரம் திரும்ப ஆறு நிக்குது. அப்ப வயித்தில வழியிறது அந்த ரெண்டும் தானே? நீர் நிலத்தில வைச்சுச் சோதிக்கேக்க ஆறு, அவன் பறக்கேக்க எட்டு. நீர் சோதிக்கிற என்ஜின் வேற, அவன் ஓட்டிற என்ஜின் வேற.

எங்கட இடத்தில கோப்பிக் கலனை விளிம்பு வரைக்கும் நிரப்பி ஏத்தினால், லொறி மேல எழும்பேக்க மூடியால தள்ளி வண்டில் எல்லாம் வழியும். புதுசா வாற பெடியள் கலன் ஓட்டை எண்டு சொல்லித் திருப்பி அனுப்புவாங்கள். கலனில ஓட்டை இல்லை.

எனக்கு என்ஜின் தெரியாது. பிழையெண்டால் சிரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஹென்றியை. ரெண்டு மாசமா வேற ஒருத்தரையும் நான் நினைச்சதில்லை.

யோகேந்திரன்


லாக் ஒ லூத்ர்
26 ஜனவரி 2005

இஞ்சேருங்கோ,

உங்கட கடிதத்தை வாசிச்ச அடுத்த நாள் விடிய முதலே கொட்டகைக்குப் பின்னால போய் ஒளிச்சு நிண்டன். ஹென்றி நொண்டி நொண்டி வந்தார். கோட்டுக்குள்ள இருந்து ரெண்டு சூட்டுப் போத்தல். மூடியைத் திறந்து ரெண்டையும் விட்டார், பிள்ளைக்குப் பால் பருக்கிற மாதிரி ஆறுதலா.

பிடிச்சன். என்ன செய்யிறீங்கள் எண்டு கத்தினன். ஒழுகிது, அதால நிரப்பிறன் எண்டார். தன்ர அப்பாவும் நிரப்பித்தான் பறந்தவராம், நிறைய இருந்தால் தானே நல்லது எண்டு கேக்கிறார். எட்டுப் பிடிக்கும் எண்டு போட்டிருந்தாலும் எட்டும் உள்ளுக்கு நிக்காது. மேல நிக்கிறதை உள்ளுக்குச் சுத்திற தண்டு அடிச்சுத் தூவி, என்ஜின் மூச்சு விடுற குழாயால வெளிய தள்ளிப்போடும். அந்தக் குழாயின்ர வாய் வயித்துக்குக் கீழ. முந்தின மெக்கானிக் வளைச்ச மூடியால ஒழுகேக்க தொடங்கின பழக்கம், நான் மூடி மாத்தின பிறகும் விடேல்லை. நீங்கள் நிரப்பிறதால தான் ஒழுகிது எண்டு சொன்னன். அவர் திரும்பவும், ஒழுகிறதால தான் நிரப்பிறன் எண்டார். அந்த நேரம் எனக்கு உங்கட ஞாபகம் வந்தது. நீங்கள் துருவித் துருவிக் கேக்கிறதால நான் எழுதாமல் விடுறன், நான் எழுதாததால நீங்கள் இன்னும் துருவிறியள்.

கோலில ஆறுக்கு நேர சிவப்புக் கோடு போட்டு விட்டன். அதுக்குப் பிறகு பிளேன் ஒவ்வொரு நாளும் பறக்குது. வயிறு துடைச்சு வைச்ச மாதிரி. வால்-டோர் ஆளை வரவேண்டாம் எண்டு ஹென்றி என்ர முன்னால நிண்டே போனில சொன்னார். ஒழுக்கை ஆர் கண்டுபிடிச்சது எண்டு கேட்டார். என்ர மனுசன் எண்டன். அவரும் மெக்கானிக்கோ எண்டு கேட்டார். இல்லை, என்னை நம்பாதவர் எண்டன். பிரெஞ்சில அது சரியா வந்துதோ தெரியேல்லை, விழுந்து விழுந்து சிரிச்சார்.

இப்ப உங்கட பேர்க் கதைக்கு வாறன். உங்கட பேரை நான் வாயால சொல்லுறதில்லை, கடிதத்தில எழுதிறதில்லை. எங்கட வீடுகளில ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறதில்லை எண்டு உங்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன்ர பேர் மாதிரி ஹென்றி எண்டு எத்தினை தரமும் எழுதலாம், உங்களை அப்பிடி எழுத எனக்குக் கை வராது. ஆனா ஒரு இடத்தில எழுதிறன். ஒவ்வொரு முறை வேலை முடிச்சுப் பிளேனைப் பறக்க விடேக்க, கீழ முழுப் பேரும் எழுதி வைக்கவேணும். அதில பாதி உங்கட பேர். பின்கதவு எண்டு எழுதினியளே, இந்தப் பிளேன் உங்கட பேர் இல்லாமல் ஒரு நாளும் எழும்பினதில்லை.

பூசி மெழுகாமல் இன்னொண்டு. ஒக்டோபர் வரைக்கும் நிக்கச் சொல்லி ஹென்றி கேக்கிறார். எனக்கு விருப்பம். உங்களிட்டக் கேக்காமல் ஓம் எண்டு சொல்லேல்லை. பிள்ளையை விட்டுட்டு இன்னும் இவ்வளவு நாள் என்னால ஏலாது, அதால மார்ச்சில ரக்ஷனாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ, வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. ஷிபுகமோ வரைக்கும் பஸ் வரும். அங்க இருந்து ஹென்றி தான் பிளேனில ஏத்திக்கொண்டு வரவேணும். வேற வழி இல்லை.

அஜந்தா யோகேந்திரன்


மொன்ட்ரியால்-நோர்
8 பெப்ரவரி 2005

அன்புள்ள அஜந்தாவுக்கு,

கடிதத்தின்ர கடைசி வரியைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தன். அக்கா வந்து ஆற்ற கடிதம் எண்டு கேட்டா. மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுப்போட்டன், காட்டேல்லை.

டோர்வலில லீவு கேட்டிருக்கிறன், தருவாங்கள். ரக்ஷனா உம்மட படத்தைக் கார்டெரிக்குக் கொண்டு போய்க் காட்டி, அம்மா பிளேன் செய்யிறா எண்டு பிரெஞ்சில சொல்லியிருக்கிறாள். செய்யிறேல்லை, திருத்திறா எண்டு ரீச்சர் சொல்ல, இவள் விடேல்லையாம், செய்யிறா எண்டு அழுதவளாம். அக்காவை அம்மா எண்டு கூப்பிட்ட அண்டைக்கு அவளுக்குக் காய்ச்சல். எழுதவேணும் எண்டு நினைச்சுப்போட்டு, உமக்கும் கொஞ்சம் எரியட்டும் எண்டு விட்டுட்டன்.

ஒக்டோபர் வரைக்கும் நில்லும். வந்து பாத்துத் தான் சொல்லவேணும் எண்டில்லை, இப்பவே சொல்லுறன். எனக்கு விருப்பமில்லை, ஆனா நில்லும்.

ஒரு டின் பவுடர் கொண்டு வாறன். மூடி கழட்டேல்லை, நீரே பாத்துத் திறவும். இது என்ஜினுக்கு இல்லை.

சின்னப் பிளேனில நான் ஏறினதில்லை, பயமா இருக்கு. ஹென்றியை நம்பி நான் ஏறேல்லை, அதை அவனுக்குத் தெளிவாச் சொல்லும். என்ர பேர் எழுதின பிளேன் எண்டபடியால் என்ர பிள்ளையை அதில ஏத்திறன். முன் சீற்றில அவனுக்குப் பக்கத்தில நான் தான் இருப்பன். வெளிக்கிடமுதல் கோலை அவன் இழுக்கப்படாது, நான் தான் இழுத்துப் பாப்பன். உம்மட சிவப்புக் கோட்டுக்கு மேல ஒரு சொட்டு நிண்டாலும் பிள்ளையைத் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டு நடந்தெண்டாலும் வருவன்.

யோகேந்திரன்